அப்பா வெறும் ‘ம்’ சொன்னதன் காரணம்

அன்பு மகளுக்கு,

இங்கே உன் அப்பாவும் நானும் ஒருவழியாக நலம். அந்த ‘ஒருவழியாக’வை விளக்கத்தான் இத்தனை தாள். பதறி எழுந்துவிடாதே, உட்கார்ந்தே படி. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, மூக்கும் தொண்டையும் தொந்தரவு தராமல் இருக்கிறாய் என்ற நினைப்பில் எழுதுகிறேன். வாரம் தவறாமல் கூப்பிடுகிறவள் பதினாறு நாளாகக் கூப்பிடவில்லை. உன் அறையில் தொலைபேசி கிடையாது, நீயாக வெளியே போய்க் கூப்பிட்டால்தான் உண்டு என்பதால் உன்னைப் பிடிக்க எனக்கும் வேறு வழியில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை மதியம் நீ கூப்பிட்டாய், அப்பா எடுத்தார், சொல்ல வேண்டியதை எல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாய், அவர் ‘ம்’ என்று ஒரே ஓர் எழுத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்பாவுக்குக் கோபம், இனிமேல் முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்று நீ முடிவே கட்டியிருப்பாய். பெற்றவளுக்கு இதுகூடவா தெரியாது. கண்ணு, அது கோபம் இல்லை, தொண்டை. அன்றைக்கு அவரால் அதற்கு மேல் ஓர் எழுத்துக்கூடச் சொல்லியிருக்க முடியாது. முதலிலிருந்து சொல்கிறேன், கேள்.

எல்லாம் ஒரு தும்மலில் ஆரம்பித்தது. அப்பாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் புதிதாக ஒரு மழலையர் பள்ளி டீச்சர் சேர்ந்திருக்கிறார். முப்பது குழந்தைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு நேரே வந்து ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர். ஒரு திங்கட்கிழமை நல்ல மழை. நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் அதே ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். டீச்சருக்குக் கிளட்சிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் தும்மல். தும்மல் வந்தால் மரியாதையாகக் கையால் வாயைப் பொத்திக்கொள்வார், அடுத்த நொடி அதே கையால் கியரை மாற்றுவார். அது இடம் மாறி விழும், உடனே உன் அப்பா அதே கியரைப் பிடித்து, ‘அவசரமில்ல டீச்சர், இப்படி, மெதுவா’ என்று காட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொள்வார். டீச்சரின் மூக்கிலிருந்து அப்பாவின் கண்ணுக்குள் வர அந்தச் சனியனுக்கு இதைவிட நல்ல சாலை போட்டுக் கொடுக்க முடியாது. இது எனக்குப் பின்னால் டாக்டரம்மா சொல்லித் தெரிந்தது. அப்போது தெரியவில்லை. புதன்கிழமை காலை அவர் எழுந்ததும் தொண்டையில் ஏதோ முடி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றார். மதியத்துக்குள் அடுக்கடுக்காகத் தும்மல். சாயங்காலம் மூக்கு குழாய் மாதிரி தண்ணீராக ஒழுகியது. அடுத்த நாள் அது அடைத்துக்கொண்டு, தலை கனத்து, நெற்றி லேசாகச் சுட்டது. குற்றவாளி யார் என்று கேட்டாயானால் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேனாம், அதனால் வந்த சளியாம். வாங்கும்போது எனக்கு இன்னொன்று என்று கேட்டவர் அவர்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர் தப்ப முடியுமா. அதிலும் நம் வீட்டில் அவருக்கும் எனக்கும் சேர்த்து ஒரே டம்ளர், ஒரே துண்டு, படிப்பதற்கு ஒரே செய்தித்தாள். வெள்ளிக்கிழமை எனக்கும் தொண்டை அரிக்க ஆரம்பித்தது. அவருக்கு மூக்கோடு நின்றது, எனக்கு இறங்கிக் குரலில் உட்கார்ந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, டாக்சி அலுவலகத்தில் என் பிழைப்பே குரல்தான். ஒரு கையில் தொலைபேசி, ஒரு கையில் வயர்லெஸ் மைக், இருபத்திரண்டு வண்டிகளையும் குரலாலேயே மேய்க்க வேண்டும். சனிக்கிழமை, ரயில் நிலையத்துக்கு ஒரு வண்டி என்று மைக்கில் சொன்னேன், பாதி வார்த்தை கீச்சென்றும் பாதி வார்த்தை தகர டப்பாவை இழுத்த மாதிரியும் வந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு ட்ரைவர், ‘அக்கா எங்க போனாங்க, புதுசா வந்திருக்கிற அண்ணன் யாரு’ என்று கேட்க, இருபத்திரண்டு வண்டியிலும் சிரிப்பு. நானும் சிரித்தேன், சிரிப்புக்குச் சத்தம் வரவில்லை. திங்கட்கிழமை காலை வாயைத் திறந்தால் வெறும் காற்று. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முன்பு அங்கே கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை என் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நல்ல மனிதர், காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

அன்றைக்கே தெருக்கோடி டாக்டரம்மாவிடம் போனேன். கேள்விகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் விளக்கடித்து வாயைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், சீட்டில் ‘மேல் சுவாசப் பாதைத் தொற்று’ என்று எழுதினார். இவ்வளவு பெரிய பெயரா என்று நான் முழித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ‘பயப்படாதீங்க, மூக்கு, தொண்டை, குரல்வளை, பக்கத்துல இருக்கிற சைனஸ் அறைகள், இதுக்கெல்லாம் சேர்த்து ஒரு பேரு. ஜலதோஷத்துக்கு நாங்க வெச்ச படிச்ச பேருன்னு வெச்சுக்குங்க’ என்றார். பெரும்பாலும் வைரஸ்தான் காரணமாம், ஜலதோஷத்தைத் தரக்கூடிய வைரஸ் நூறுக்கும் மேற்பட்ட வகை இருக்கிறதாம், அதனால்தான் ஒரு தடவை வந்தும் உடம்பு பாடம் படிக்காமல் மறுபடி மறுபடி வருகிறதாம். உள்ளே புகுந்து ஒன்றிலிருந்து மூன்று நாளில் வேலையைக் காட்டும், முதலில் தொண்டை, பிறகு மூக்கு, கடைசியில் இருமல், மற்றதெல்லாம் ஒரு வாரம் பத்து நாளில் போனாலும் இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டுப் போகும் என்றார். நான் தாளில் இரண்டாவது கேள்வியைக் காட்டினேன்: ஐஸ்கிரீம்? ‘ஐஸ்கிரீம்ல வைரஸ் இல்லம்மா, மனுஷங்ககிட்டதான் இருக்கு. மழைக் காலத்துல ஏன் அதிகம்னா எல்லாரும் ஜன்னலைச் சாத்திட்டு உள்ளயே ஒண்ணா உக்காந்திருக்கோம் பாருங்க’ என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதித் தரச் சொல்லி அவர் கையெழுத்தோடு வாங்கி வந்தேன். குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன், உன் அப்பா அதைப் பார்க்காத மாதிரியே பால் எடுக்கிறார்.

மூன்றாவது கேள்வி ஆன்டிபயாடிக் வேண்டாமா என்பது. வைரஸுக்கு அது வேலை செய்யாது, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால்கூட அதற்காக மட்டும் அந்த மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டாம், உடம்பு சண்டை போடும்போது சளியின் நிறம் மாறத்தான் செய்யும் என்றார். குரலுக்கு ஒரே மருந்து வாயை மூடிக்கொண்டிருப்பது. கிசுகிசுவென்று பேசுவதும் கூடாதாம், அது குரல்வளையை இன்னும் வருத்துமாம். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்கு யாரும் இப்படி ஒரு தண்டனை கொடுத்ததில்லை. கிளம்புகிற நேரத்தில், வீட்டுக்காரருக்கும் சளி, டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார் என்று எழுதிக் காட்டினேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. ‘சளின்னா வர வேண்டாம். ஆனா நல்லாயிட்டு வந்து திடீர்னு மறுபடி காய்ச்சல் அடிச்சா, தொண்டையில ஒரு பக்கம் மட்டும் பயங்கரமா வலிச்சா, வாயைத் திறக்க முடியல, எச்சிலை முழுங்க முடியல, குரல் மாறிப்போச்சு, மூச்சு விடக் கஷ்டம்னு எது வந்தாலும் சரி, என்கிட்டக்கூட வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். இதெல்லாம் யாருக்கோ சொல்வது என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டில் நடந்ததோ வேறு. சனிக்கிழமை அவருக்குச் சளி மஞ்சளாகியிருக்கிறது. ஐயா என்ன செய்திருக்கிறார் என்றால், போன வருடம் பல்லுக்காகக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளில் மிச்சமிருந்ததை மேஜை இழுப்பறையிலிருந்து தோண்டி எடுத்து, என்னிடம் மூச்சு விடாமல் இரண்டு நாள் விழுங்கியிருக்கிறார். திங்கட்கிழமை மூக்கு கொஞ்சம் திறந்தது. எப்படியும் திறந்திருக்கும், அதற்கான நாள் வந்திருந்தது. அவரோ மாத்திரைதான் வென்றது என்று நிறுத்திவிட்டு, செவ்வாய்க்கிழமை சீட்டியடித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போனார். புதன்கிழமை மதியம் பாதி வகுப்பில் திரும்பி வந்தார். உடம்பு கொதித்தது. தொண்டையில் வலது பக்கம் மட்டும் முள் குத்துகிற மாதிரி இருக்கிறது, வலி காது வரைக்கும் போகிறது என்றார். டாக்டரம்மா சொன்னது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், இல்லை என்று சொல்ல மாட்டேன். தாளில் எழுதிக் காட்டினேன், அவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டார். வியாழக்கிழமை மதியம் நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டிருக்கிறாய். நான் இறங்கி வரும்போது அவர் தொலைபேசிப் பக்கத்து நாற்காலியில், வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் என்று கையால் கேட்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், சூடான கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண் கலங்கியிருந்தது. வலியில் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் அவருக்கு வெந்நீர் கொண்டு போனேன். வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. வெந்நீர் உள்ளே போகாமல் மோவாயில் வழிந்தது. எச்சிலைக்கூட முழுங்க முடியாமல் ஒரு கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். கழுத்து வலது பக்கம் சாய்ந்து, தாடைக்குக் கீழே புடைத்திருந்தது. டாக்டரம்மா சொன்னதில் மூச்சுத் திணறல் ஒன்றுதான் பாக்கி. எதிர் வீட்டைத் தட்டினேன், கீழ் வீட்டைத் தட்டினேன், வேலை நாள், ஒருவரும் இல்லை. தொலைபேசியை எடுத்து எனக்கு மனப்பாடமான ஒரே எண்ணை, என் அலுவலக எண்ணைச் சுற்றினேன். காது மந்தமான பெரியவர் எடுத்தார். நான் என் பெயரைச் சொன்னேன். காற்றுதான் போனது. ‘ஹலோ, யாரு, பேசுங்க’ என்று நான்கு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மறுபடி சுற்றினேன். இந்தத் தடவை நான் முழு மூச்சையும் கொடுத்துக் கத்தப் பார்த்தேன், அந்தப் பக்கம் அவருக்கு என்ன கேட்டதோ தெரியவில்லை, ‘வெக்கமா இல்ல உனக்கு, பட்டப்பகல்ல போன்ல மூச்சு விட்டு விளையாடுற, வீட்ல பொம்பளைங்க இல்லையா’ என்று திட்டிவிட்டு வைத்துவிட்டார். வேறு நேரமாக இருந்தால் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பேன். அன்றைக்கு அழுகை வந்துவிட்டது, அதற்கும் சத்தமில்லை. உள்ளே உன் அப்பா இருமுவது கேட்டது. மூன்றாவது தடவை சுற்றினேன், பெரியவர் எடுத்ததும் பக்கத்தில் இருந்த கரண்டியால் தொலைபேசியில் டொக் டொக் என்று இரண்டு தட்டு தட்டினேன். ஏன் தட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அலுவலகத்தில் மைக்கில் பேசுவதற்கு முன்னால் பேனாவால் இரண்டு தட்டு தட்டுவது என் பழக்கம், கை தன்னால் செய்தது. பெரியவர் அலுத்துக்கொண்டு, ‘இப்ப தட்ட வேற ஆரம்பிச்சிட்டான்’ என்று யாரிடமோ சொல்வது கேட்டது. நல்ல வேளை, அந்த யாரோ, டீ குடிக்க உள்ளே வந்திருந்த ஆமை.

ஆமையைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனே. எங்கள் ட்ரைவர்களில் மெதுவாக ஓட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அவசரம் என்று யாராவது சொன்னால் அவர் வண்டியை அனுப்பவே மாட்டேன். அவர் தொலைபேசியை வாங்கி, ‘இன்னொரு வாட்டி தட்டுங்க’ என்றார். தட்டினேன். ‘அக்காவா? ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு.’ ஒன்று தட்டினேன். ‘வீட்லதான் இருக்கீங்களா? வண்டி வேணுமா? உங்களுக்கா?’ முதல் இரண்டுக்கும் ஒவ்வொன்று, கடைசிக்கு மட்டும் இரண்டு தட்டினேன். ‘மாஸ்டருக்கா? ஆஸ்பத்திரியா?’ நான் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தேன். ‘புரிஞ்சிடுச்சு, வெச்சிடுங்க, கீழ இறங்கி நில்லுங்க’ என்றார். உன் அப்பாவை மூன்று மாடி கைத்தாங்கலாக இறக்கி, வாசல் கதவை நான் திறக்கவும் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அந்தத் தெருவில் அந்த மனிதர் அப்படி ஓட்டி நானும் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. உன் அப்பாவை முன் இருக்கையில் உட்கார வைத்தோம், பின்னால் சாய்ந்தால் எச்சில் தொண்டைக்குள் இறங்கிப் புரையேறியது. அவருக்கு உயிர் போகிற வலி, கையில் கிண்ணம், ஆனாலும் ஒவ்வொரு சிக்னலிலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது. ஒரு திருப்பத்தில் ஆமை கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினார், அப்பா விரலை நீட்டிக் கண்ணாடியைக் காட்டினார். ‘சரிங்க மாஸ்டர், பாத்துக்கிறேன் மாஸ்டர்’ என்று அவரும் பயபக்தியோடு சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஆள் பிழைத்துக்கொள்வார் என்று எனக்கு அப்போதுதான் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர் அந்த ஒரு விரல் இடைவெளிக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வலது பக்கம் டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டி, உள்நாக்கை இடது பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறது. வைரஸ் வந்து சண்டை போட்டுப் போன இடத்தில் பாக்டீரியா புகுந்துகொள்வது உண்டு, சிலருக்குக் காதில், சிலருக்குச் சைனஸில், இவருக்கு இங்கே என்றார். இந்த வயதில் இது அதிகம் வருவதில்லையே என்று யோசித்தவர், ‘சிகரெட் உண்டா’ என்று கேட்டார். அப்பா இல்லை என்று தலையாட்டினார். டாக்டர் அவருடைய விரலிலிருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார், நானும் அப்போதுதான் பார்த்தேன். பிறகு தலை வேறு விதமாக ஆடியது. பாடம் நடத்தும் இடைவேளையில் தினம் மூன்றாம், விட்டதாக என்னிடம் சொல்லி ஆறு வருடமாகிறது. அடுத்தது மாத்திரைக் கதையும் வெளியே வந்தது. ‘மிச்சம் மீதி மாத்திரை சளிக்கும் உதவாது, இதுக்கும் பத்தாது. நோய் அடங்கின மாதிரி ஏமாத்திட்டுப் போயிருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூச்சுக் குழாய்க்கு ஆபத்தாகியிருக்கும்’ என்று டாக்டர் சத்தம் உயர்த்தாமல் சொன்னார். மரத்துப்போக ஏதோ தெளித்து, ஊசியால் உறிஞ்சி, சின்னதாகக் கீறி எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள், நான் போகவில்லை, போக மாட்டேன் என்று சொல்ல எனக்குத்தான் குரல் இல்லையே, அப்படியே நின்றுவிட்டேன். பத்து நிமிடம். அவர் முகத்தில் மூன்று நாளாக இறுகியிருந்த ஏதோ ஒன்று என் கண்முன்னாலேயே அவிழ்ந்தது. வாயை அரைகுறையாகத் திறந்து, என்னைப் பார்த்து, குழறலாக ஆனால் தெளிவாக அவர் சொன்ன முதல் வாக்கியம் என்ன தெரியுமா. ‘பெரிய வண்டி திரும்பும்போது பின் சக்கரம் உள்பக்கம் வெட்டும், அவகிட்ட சொல்லு.’

காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்து நர்ஸைக் கூப்பிடப் போனேன். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ‘பிதற்றல. பாப்பா நேத்து போன் பண்ணா. ஆபீஸ் வேலைய விட்டுட்டாளாம். பஸ் ஓட்டக் கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்கிட்டாளாம். டவுன் பஸ் ட்ரைவரா எடுத்துக்கிட்டாங்களாம். என்னப்பா சொல்றீங்கன்னு கேட்டா. எனக்கு வாய் வரல. ம்முனு சொன்னேன், வாயெல்லாம் எச்சில், வெச்சிட்டேன்’ என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தது அவருக்கு இல்லை, எனக்கு. மேஜை, நாற்காலி, மின்விசிறி என்று உன்னை ஓர் அலுவலகத்தில் உட்கார வைத்துப் பார்க்கத்தான் நான் அத்தனை வருடம் அந்த மைக்கைப் பிடித்தேன். நாள் முழுவதும் வண்டியில் உட்கார்ந்து முதுகு போனவர்களை நான் தினமும் பார்க்கிறவள். நீ எனக்கு முன்னால் இருந்து, எனக்குக் குரலும் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த வார்டு மொத்தமும் கேட்டிருக்கும். குரல் இல்லை. ஒரு சீட்டில் ‘ஏன்’ என்று மட்டும் எழுதி அவர் மடியில் போட்டேன். பிறகு உனக்குப் பதினெட்டு வயதில் நடந்ததைச் சொன்னார். உன்னைக் காரில் கூட்டிக்கொண்டு போய்க் கற்றுக்கொடுத்ததும், ரவுண்டானாவுக்கு நடுவில் வண்டி நின்றுபோனதும், அவர் எல்லோர் முன்னாலும் உன்னைப் பார்த்துக் கத்தியதும், நீ சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்ததும். அன்றைக்குத் தலைவலி என்று நீ சொன்னது மட்டும்தான் இத்தனை வருடமாக எனக்குத் தெரியும். ‘ஊர்ல யார் யாருக்கோ பொறுமையா சொல்லிக் குடுக்கிறேன். என் பொண்ணுகிட்ட மட்டும் கத்திட்டேன். அதுக்கப்புறம் அவ ஸ்டீயரிங்கைத் தொடவே இல்ல. என்னாலதான்னு எனக்குத் தெரியும். இப்ப வேற யாரோ பொறுமையா சொல்லிக் குடுத்திருக்காங்க. அவங்க நல்லாருக்கணும்’ என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கோபத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் காலைப் போர்த்திவிட்டேன்.

மூன்று நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றி அனுப்பினார்கள். பத்து நாள் மாத்திரை கொடுத்தார்கள், கடைசி மாத்திரை வரைக்கும் என் கண்முன்னால்தான் விழுங்க வேண்டும் என்று சட்டம் போட்டேன், விழுங்கியதும் நாக்கை நீட்டிக் காட்டினார். இழுப்பறையைக் காலி செய்துவிட்டேன். சிகரெட் இன்றைக்குப் பதினைந்தாவது நாளாக இல்லை. எரிச்சலில் வீட்டிலிருக்கிற எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டுவிட்டார், ஒரு கதவும் இப்போது கிரீச்சிடுவதில்லை. டீச்சர் ஒரு பை நிறையப் பழத்தோடு பார்க்க வந்தார், விஷயம் கேள்விப்பட்டு அழுதேவிட்டார், இப்போது கைக்குட்டையும் சோப்புமாக வருகிறார், முழங்கை மடிப்பில்தான் தும்முகிறார், அவருடைய முப்பது குழந்தைகளும் அப்படியே தும்மக் கற்றுக்கொண்டார்களாம். பெரியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் அவரிடம் மூச்சு விட்டுக் காட்டினேன். என் குரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது, கரகரப்பு மட்டும் பாக்கி, மூன்று வாரத்துக்கு மேலும் போகவில்லை என்றால் குரல்வளையை உள்ளே பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், நாளைக்குப் போகிறேன். குரல் வந்த அன்றைக்கு உன்னைத் திட்ட வேண்டியதை எல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பாதி மறந்துபோயிருந்தது. மீதியைச் சொல்லப் பிடிக்கவில்லை. நேற்று டவுன் பஸ்ஸில் போனபோது ட்ரைவர் இருக்கைக்கு நேர் பின்னால் நின்றுகொண்டு, அந்த மனிதர் என்னென்ன செய்கிறார் என்று இறங்கும் இடத்தைத் தாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய வண்டியை என் பெண் திருப்புகிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது, பயம் மட்டும் இல்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. அந்த ஊர் தும்மல் முழுவதும் இனி உன் பஸ்ஸில்தான் ஏறும். உன் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்தே வை. வண்டியை விட்டு இறங்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கண்ணையும் மூக்கையும் தொடாதே, உனக்கும் அப்பா மாதிரியே கண்ணைக் கசக்குகிற வழக்கம் உண்டு. ஜலதோஷம் வந்தால் பயப்படாதே, தண்ணீர் நிறையக் குடி, ஓய்வெடு, யாரோ கொடுக்கிற மாத்திரையைத் தொடாதே. வந்தது போய் மறுபடி திரும்பினால் மட்டும் ஒரு நிமிடம்கூட அலட்சியமாக இருக்காதே. இருக்கையில் முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள். முக்கியமாக, இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடு. மணி அடித்துக்கொண்டே இருந்தாலும் வைத்துவிடாதே, அப்பாதான் எடுப்பார், எதிரில் நாற்காலியைப் போட்டு இப்போதே ஒத்திகை பார்க்கிறார். அவர் பேசி முடித்த பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்.

உன் வழியெல்லாம் சீராக இருக்கட்டும், உன் வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும் பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும், நீயும் சேர்.

உன் மேல் கோபமில்லாத,
அம்மா

பி.கு. இந்த இடத்தை அப்பாவுக்காக விட்டேன். கீழே அவர் கையெழுத்து.

பாப்பா, வண்டி எத்தனை அடி நீளம் என்று எழுது. உன் வழித்தட எண் என்ன, எங்கே கிளம்பி எங்கே போய் நிற்கும் என்றும் எழுது. எவ்வளவு தூரமானாலும் சரி, லீவு போட்டுவிட்டு ஒரு தடவை வருகிறேன். கடைசி இருக்கையில் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். நீ ஓட்டி முடிக்கும் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்.